கடைசி ரூமாண்ட கேட்டது

— கத கட்றதுக்கு ஒரு காலேஜு, அதுக்கு ஒரு வாத்தியாரு, அதுக்கு ஒரு பரீச்ச. நல்லா கீதுடி கூத்து. இந்தத் தெருவுல நாங்கல்லாம் பீஸு கட்டாமலே கட்டிகினு கீறோம்.

— சிரிக்காதீங்க ஆன்ட்டி. காலைலேர்ந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல.

— ஓமத்தண்ணி வெச்சித் தரட்டா பிரவீனா?

— அஜீரணம் இல்ல ஆன்ட்டி. உங்க கடைசி ரூம்ல சசிரேகா அக்கா பெட்டி கட்றாங்க. பாத்தீங்களா, இல்லியா?

— பாக்காம? நாலு ரூம கட்டி வாடகைக்கு வுட்டுட்டு கண்ண மூடிகினா கீறேன்? எந்த ரூம்ல காரக்கொழம்பு, எந்த ரூம்ல வெறும் ரசம்னு வாசல்ல நின்னே சொல்லும் இந்த சரோஜா மூக்கு. ஆனா நமக்கு எதுக்கு ஊர் வம்பு? சாய்ங்காலம் மணிமங்கலத்துலேர்ந்து அவ அண்ணங்காரன் வரானாம், கூட்டிகினு போவ. புருஷன் தாண்டவராயன் காத்தால தட்டத் தூக்கிப் போட்டான். ரெண்டாவது தபா போட்டப்ப சத்தம் கம்மி. கீழ துணி கெடந்துச்சோ இன்னாவோ.

— இவ்ளோ தெரிஞ்சுகிட்டு சும்மா நிக்கறீங்களே! அது நம்மாலதான் ஆன்ட்டி. நம்ம ரெண்டு பேராலதான்.

— ஏய், ஏய். கொரல இறக்கு. சுவத்துக்கு அந்தாண்ட நின்னுகினு கூவாத, இப்பிடி கிட்ட வா. நம்ம ரெண்டு பேருன்னு இன்னா புதுசா கூட்டு சேக்கற? எழுதனது யாரு? நீ.

— சொன்னது நீங்க.

— நான் ஆயிரம் சொல்லுவேன். காத்துல வரும், காத்துல போவும். நீதான அத்தப் புடிச்சி காயிதத்துல ஒட்டி வெச்ச? மொள்ளப் பேசு, உள்ள நிலா தூங்குது. ஆடிக்கு வந்த புள்ள, ஆடிதான் நேத்தோட முடிஞ்சிதே, இன்னிக்கு சாய்ங்காலம் மாப்ள வந்து கூட்டிகினு போறாரு. கோழி வாங்கி ஊற வெச்சிகீறேன். இந்த ரகள எல்லாம் அவரு காதுல வுழுந்தா இன்னா நெனப்பாரு? மாமியா வூடா, சந்தக்கடையான்னு கேக்க மாட்டாரு?

— நிலா அக்கா இந்தத் தடவை எங்க வீட்டுப் பக்கமே வரல.

— கல்யாணம் ஆன பொண்ணு, சும்மா சும்மா சுத்துமா? அத்த வுடு. மொதல்லேர்ந்து சொல்லு. காலேஜுல இன்னா நடந்திச்சு? ஒண்ணு வுடாம சொல்லு.

— உங்களுக்குத் தெரிஞ்சதுதான. பி.ஏ. மொத வருஷத்துக்கு இந்தப் பேப்பர் கட்டாயம். படைப்பெழுத்து அறிமுகம். நான் என்ன ஆசப்பட்டா எடுத்தேன்? நம்பிராஜன் சார் மொத கிளாஸ்லயே, எங்கயாவது ரெண்டு பேரு பேசறத ஒட்டுக்கேட்டு, கேட்டபடிக்கே எழுதிட்டு வாங்கன்னுட்டாரு. அவரு சொன்னாரு, இவ சொன்னா எல்லாம் கூடாது. வெறும் பேச்சுதான் இருக்கணும்.

— ஆஹா. அன்னிக்கு நீ இத்த வந்து சொன்னப்பவே எனக்கு ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஒட்டுக்கேக்கறதுக்கு மார்க்கு போடற வாத்தியாரு! என்னை அஞ்சாங் கிளாஸோட நிறுத்துனாங்க பாரு, அவங்களத்தான் சொல்லணும். நான் படிச்சிருந்தா இந்நேரம் கோல்டு மெடலு.

— நான் ஒரகடம் ஜங்ஷன்ல போய் எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா? கன்டெய்னர் லாரி ஹாரன் தவிர ஒரு எழவும் கேக்கல. கம்பெனி பஸ்ல ஏறறவங்க எல்லாம் காதுல ஒயர மாட்டிகிட்டு நின்னுகிட்டே தூங்கறாங்க. பேசினாத்தான கேக்கறதுக்கு!

— அதுக்கெல்லாம் ஒரு மொகராசி வோணும். கைல ஒரு மொறம், இல்லாங்காட்டி ஒரு தொடப்பக்கட்டை. சும்மா நின்னா எவ பேசுவா?

— அதான் உங்ககிட்ட வந்தேன்.

— வந்த. பசின்னு வந்த, சோறு போட்டேன். இப்ப வந்து உப்பு ஜாஸ்தின்ற.

— கடைசி ரூம் பின்னால, துவைக்கற கல்லாண்ட நிக்கறப்ப கேட்டதுன்னு சொன்னீங்க. ஒரு பொண்ணு போன்ல அழுதுச்சு, இத்த எழுதிக்கன்னு நீங்களா சொன்னீங்க. எனக்கு அது அப்படியே மனப்பாடம். ‘கதவ வெளியில பூட்ட வாணாம்னு மட்டும் அவருகிட்ட சொல்லுங்க அத்தே. வேற ஒண்ணும் நான் கேக்கல. பூட்டாம நைட் ஷிப்டுக்குப் போவட்டும். நான் எங்க போவப்போறேன்?’

— ஒரு எழுத்து பிசகல. நல்ல புள்ள.

— அதுக்கு அந்த மாமியார் போனுக்கு வெளிய கேக்கற கொரல்ல சொல்றது. ‘தங்கமாச்சே நீ. தங்கத்த யாராச்சும் தொறந்து போட்டுட்டுப் போவாங்களா?’ இத நான் படிச்சப்ப சார் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. இப்பிடி ஒரு மாமியார நேர்ல பாக்காம எழுத முடியாது தாயி, எங்க கேட்டன்னாரு. அவரு தென்காசிப் பக்கம், எல்லாரையும் தாயிதான். எனக்குத் தலகால் புரியல. எங்க தெருவுல, லைன் வீட்டு கடைசி ரூம்லன்னு ஒளறிட்டேன்.

— அதான் சொல்றேன், தப்பு உன்னோடது. வாத்தியாரு கேட்டா ஆத்தூரு, சேத்தூருன்னு ஏதாச்சும் சொல்ல வாணாம்? பொய் சொல்லத் தெரியாதவ எதுக்குடி கத எழுதற பரீச்சைக்குப் போற?

— பின்னாடி பெஞ்சுல ஜோயல் இருந்தான் ஆன்ட்டி. அவங்க அப்பாவும் தாண்டவராயன் அண்ணனும் ஒரே கான்ட்ராக்டர்கிட்ட கம்பெனி பஸ் ஓட்டறாங்க. அவன் வீட்ல போயி சொல்ல, அவங்க அப்பா டிரைவருங்க வாட்ஸப் குரூப்புல போட, இப்ப அண்ணன் பஸ்ஸ எடுத்தாலே ‘இன்னா பூட்டு, வூட்டப் பூட்டிட்டியா’ன்னு கேக்கறாங்களாம். நேத்து அவரு ஸ்டியரிங்லயே யாரோ ஒரு பெரிய திண்டுக்கல் பூட்ட மாட்டி வெச்சிருக்காங்க. சாவிய ஒளிச்சிட்டாங்க. வண்டி எடுக்க லேட்டாயி, ஷிப்டுக்குப் போறவங்க எல்லாம் கத்தி, சூப்பர்வைசர் வந்து மானத்த வாங்கி...

— அய்ய. பெரிய பூட்டா?

— ஆன்ட்டி!

— சரிடி, சும்மா கேட்டேன்.

— அவரு பூட்டறதே இல்ல. நைட் டூட்டின்னா அக்கா உள்ள தாப்பா போட்டுக்குவாங்க, அவ்ளோதான். இல்லாத ஒண்ண எவங்கிட்டடீ போயி அழுதன்னு அக்காவக் கேக்கறாரு. நான் யாருகிட்டயும் அழலன்னு அவங்க சத்தியம் பண்றாங்க. நம்ப மாட்டேன்றாரு. ஊரே சிரிக்க வெச்சிட்ட, உங்க அண்ணன் வூட்டுக்கே போயிடுன்னுட்டாரு. நான் போயி, எங்க கிளாஸ் விஷயம்ணா அதுன்னு சொல்லப் பாத்தேன். நீ சின்னப் புள்ள, உள்ள போன்னு கதவச் சாத்திட்டாரு. நீங்க வந்து சொன்னாத்தான் நம்புவாரு. வீட்டுக்கார அம்மா, பெரியவங்க.

— நான் வந்து இன்னான்னு சொல்றது?

— நான் கேட்டது உம் பொண்டாட்டி பேச்சு இல்லன்னு.

— ம்... அவ பேச்சு இல்லன்னா யாரு பேச்சுன்னு கேப்பான்ல?

— அதத்தான் நானும் கேக்கறேன். ராத்திரி பூரா யோசிச்சேன் ஆன்ட்டி. தாண்டவராயன் அண்ணனுக்கு அம்மாவே இல்ல. அவரு சின்ன வயசுலயே போயிட்டாங்கன்னு நீங்கதான் ஒரு நாளு சொன்னீங்க, எந்தக் குளத்துல, எந்தக் கெழமைன்னு வரைக்கும் சொன்னீங்க. அப்ப சசிரேகா அக்கா யார அத்தேன்னு கூப்புட்டாங்க?

— துணி காயுது, மழ வர மாதிரி கீது. எடுக்கணும்.

— ஒரு மேகம் இல்ல. நீங்களா கட்டி விட்டீங்களா?

— ...ஆமா. கட்டி வுட்டேன். இப்ப இன்னாங்கற? நீ வந்து தொண தொணன்னு நின்ன, வாய்க்கு வந்தத சொன்னேன். போதுமா?

— அடக் கடவுளே. கட்டினதா? நெசமாவா?

— பின்ன? சூடம் ஏத்தட்டா?

— அப்பிடின்னா ரொம்ப நல்லது! வாங்க, இத அப்படியே அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. நான் சும்மா வெளாட்டுக்குக் கட்டினேன், இந்தப் பொண்ணு பரீச்சைக்காக எழுதிச்சுன்னு. திட்டுவாரு. திட்டட்டும். அக்கா பெட்டியப் பிரிச்சிடுவாங்க.

— வரேன், வரேன். எங்க ஓடப் போறான் அவன்? அவ அண்ணன் வர சாய்ங்காலம் ஆவும். நீ மிச்சத்த சொல்லு. முந்தாநேத்து நீ காலேஜ்லேர்ந்து வரப்போ இன்னாவோ சொல்லிகினே வந்தியே, மத்த புள்ளைங்க எல்லாம் இதுக்கு முடிவு எழுதுதுங்கன்னு.

— ஆமா. சார் சொன்னாரு, பிரவீனா பேச்ச நிறுத்தின எடத்துலேர்ந்து ஆளாளுக்கு மேல எழுதுங்க, அந்தப் பிள்ள என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்னு. அது இப்ப எதுக்கு?

— எழுதிச்சுங்களா? எழுதினத படிச்சாங்களா?

— படிச்சாங்க. ஆன்ட்டி, அக்கா அங்க...

— நாலு பொடவ, ஒரு தலகாணி. அத்த கட்டவே அவ அழுதுகினு மத்தியானம் ஆக்குவா. நான் கட்டின கதடி. எனக்கு ஆச இருக்காதா? அந்தப் பொண்ணு திரும்பிப் போச்சா, போவலியா?

— ஒவ்வொருத்தரும் ஒண்ணு எழுதியிருக்காங்க. ஜோயலுது எடுத்துக்கிட்டா, அவ ஹேர்பின்னால பூட்டத் தொறந்து, புருஷனோட பைக்க எடுத்துகிட்டு பெங்களூர் ஹைவேல பறக்கறா. வாலாஜாவாண்ட நிறுத்தி பரோட்டா திங்கறா.

— வெளியில போட்ட பூட்ட உள்ள இருந்து எப்பிடிடி ஹேர்பின்னால தொறக்கறது?

— அதத்தான் சாரும் கேட்டாரு. ஜோயல் யோசிக்கறேன்னான்.

— யோசிக்கட்டும். தெருவப் பத்தவெக்க மட்டும் யோசிக்கல, எரும. வேற?

— ஒரு பொண்ணு, அந்தப் புருஷனுக்கு ஆக்சிடென்ட் ஆயி கால் போயிடுதுன்னு எழுதியிருந்தா. இவதான் தூக்கி வெச்சி சோறு ஊட்டறா. அவன் அழுது திருந்திடறான்.

— கால் இருந்தப்ப இவள உள்ள வெச்சான். கால் போனப்புறம் தானும் உள்ள வந்துட்டான். இதுல இவளுக்கு இன்னா லாபம்? வேற?

— இன்னொருத்தன், எல்லாமே கனவுன்னு எழுதிட்டான். எந்திரிச்சிப் பாத்தா பூட்டே இல்லியாம்.

— அது பரவால்ல. பெத்தவங்களுக்கு நிம்மதி. வேற எவளும் நல்லதா எழுதலியா?

— நீங்க என்ன ஆன்ட்டி, ஜோசியக்காரன்கிட்ட ஜாதகம் கேக்கற மாதிரி கேக்கறீங்க?

— சொல்லுடி.

— பசங்கள்ல ஒருத்தன் எழுந்து, இதுல கதையே இல்ல சார், அவரு பாதுகாப்புக்குத்தான பூட்டறாரு, சுத்தி கம்பெனி ஏரியா, ஊரு பேரு தெரியாதவங்க நடமாட்டம், பொண்டாட்டி மேல அக்கறை இருக்கறவன் பூட்டத்தான் செய்வான்னான். பாதிப் பேரு கை தட்டினாங்க.

— பாத்தியா? பாத்தியா? அதுவும் ஒரு ஞாயந்தான பாப்பா? காலம் கெட்டு கீது. பொண்டாட்டிய வுட்டுட்டு ராத்திரி வேலைக்குப் போறவனுக்கு மனசு கெடந்து அடிச்சிக்கும்ல? ஒரு பாசத்துல பூட்டறான்னு வெச்சிக்கயேன். புதுசுல அப்பிடித்தான் இருப்பாங்க. ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப் பூடும். கை தட்டுனாங்கல்ல? பாதிப் பேரா, அதுக்கு மேலயா?

— எண்ணலியே. சார், அவங்க கை தட்டி முடிக்கட்டும்னு நின்னாரு. அப்புறம் மெதுவா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. சரிப்பா, ராத்திரி உள்ள கேஸ் கசியுதுன்னு வெச்சிக்கோ. சாவி இவன் பாக்கெட்ல, இவன் கம்பெனில, இவன் போனு கம்பெனி லாக்கர்ல. அந்தப் பிள்ள எந்த வழியா வெளிய வரும்?

— ஜன்னல் வழியா குதிக்கவும் முடியாது. மூணாவது மாடி.

— மாடியா? கதைல மாடியே இல்லியே ஆன்ட்டி. கடைசி ரூமு தரையோட தரை.

— ...கட்டினவளுக்கு மேல மூணு மாடி ஏத்தத் தெரியாதா? நீ மேல சொல்லு.

— என்ன ஆச்சு? ஏன் உக்காந்துட்டீங்க? மொகமெல்லாம் வேர்க்குது.

— வெயிலு. நீ சொல்லு.

— ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற ஒருத்தி, நான் முடிவே எழுதல சார்ன்னா. எங்க ஹாஸ்டல்லயும் ஒம்போது மணிக்கு வெளியிலதான் பூட்டறாங்க, அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வருது, பழகிடுச்சு, இந்தப் பொண்ணும் பழகிடும், அதான் முடிவுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

— பழகாது. எப்பிடிப் பழகும்? ஆறு கெலோ எறங்கிப் போச்சி. சோத்த அள்ளி வெச்சா வெறிக்க வெறிக்கப் பாக்குது.

— யாரு?

— கதைலதான்டி! கதைல அப்பிடித்தான் இருக்கும். மிச்சப் பேரு?

— மிச்சப் பேரு... வேணாம் ஆன்ட்டி.

— சொல்லுன்றேன்ல.

— மிச்சப் பேரு சாவடிச்சிட்டாங்க.

— யார? அவனையா?

— அவள. முடிவு தெரியலன்னா சாவடிச்சிடறது ஈசி, மொத வருஷத்துல எல்லாரும் இதத்தான் பண்ணுவீங்க, இங்க வருஷா வருஷம் எனக்கு ஒரே எழவு வீடுன்னு சார் சொன்னாரு. கிளாஸே சிரிச்சிது. நானும் சிரிச்சேன். அப்புறம் அவரு சிரிக்காம, இத்தன பேருக்கும் வேற வழியே தோணலியே, அதான் எனக்கு பயமா இருக்குன்னாரு.

— எத்தினி பேருடி சாவடிச்சாங்க?

— இருந்த முக்காவாசிப் பேரும்தான்.

— முக்காவாசியா... படிச்ச புள்ளைங்க. நாலு எடம் பாத்த புள்ளைங்க. அதுங்களுக்குமா தோணல?

— கதை ஆன்ட்டி. ஏன் இப்பிடி ஆவறீங்க? வெறும் கதை, நீங்க கட்டினது.

— ஏன்டி, எவனுக்கும் எவளுக்கும் இது தோணலியா? அந்தப் பொண்ணுக்கு ஒரு அம்மா இருப்பாளே. அவ இன்னா ஆனா? அவ வருவான்னு ஒருத்தருமா எழுதல?

— ஒருத்தரும் எழுதல. நீங்க சொன்னதுல அம்மா பேச்சே வரலியே. ஆனா சார் கேட்டாரு. இந்தப் பிள்ள எதுக்கு மாமியார்கிட்ட கெஞ்சிகிட்டு நிக்கி, இவளப் பெத்தவ எங்கன்னு என்னைப் பாத்து கேட்டாரு.

— நீ இன்னா சொன்ன?

— செத்துட்டாங்க சார்னு சொல்லிட்டேன்.

— ஏன்டி... ஏன்டி அப்பிடி சொன்ன?

— வேற என்ன ஆன்ட்டி சொல்றது? உயிரோட இருக்காங்கன்னு சொன்னா, அப்ப அவங்க என்ன செஞ்சாங்கன்னு அடுத்த கேள்வி வரும். தெரிஞ்சும் சும்மா இருந்தாங்கன்னு எழுதினா யாரு நம்புவாங்க? சாரும் ஒத்துகிட்டாரு. சரி, செத்தவளாவே இருக்கட்டும், அப்பதான் படிக்கறவன் நம்புவான்னாரு. ஆன்ட்டி? எங்க எந்திரிச்சிட்டீங்க? தாண்டவராயன் அண்ணன்கிட்ட போறீங்களா? அது அந்தப் பக்கம்.

— எனக்கே என் வூட்டுக்கு வழி சொல்றியா? நான் இங்க நின்னு கூவுனா கடைசி ரூம் வரிக்கும் கேக்கும். இத்தினி வருஷம் எல்லாத்தையும் காதுக்குள்ளதான் பேசிகினு கீறேன். தள்ளு. நிலா! ஏ நிலா!

— இன்னாம்மா? பொட்டிதான் கட்டிகினு கீறேன். அவரு கெளம்பிட்டாராம்.

— கட்டினத பிரிடி. பிரிச்சிட்டு உங்க அத்தைக்குப் போனப் போடு. துவைக்கற கல்லாண்ட ஒளிஞ்சிகினு இல்ல, நடு வாசல்ல வந்து நின்னு, ஸ்பீக்கர்ல போடு, தாண்டவராயனுக்கும் கேக்கட்டும், தெருவுக்கும் கேக்கட்டும். வெளியில பூட்டற வூட்டுக்கு எங்கம்மா என்னை அனுப்ப மாட்டாளாம், அவ இன்னும் சாவலியாம்னு சொல்லு.